நாய்க்கு அளித்த அடைக்கலம்: சிந்தாமணி முதல் பொத்தேரி வரை

முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்தவன் நான். அவற்றுள் பல ஆண்டுகள் சீவக சிந்தாமணியின் குணமாலையார் இலம்பகத்தை மாணவர்க்கு விரித்துரைக்கும் வாய்ப்புப் பெற்றேன். அடிபட்டு வீழ்ந்த நாயின் செவியில் சீவகன் ஐம்பத மந்திரத்தை ஓதும் இடம் வரும்பொழுதெல்லாம் என் குரல் தானே தாழும். வகுப்பும் அமைதியாகும். ஆயினும் அத்தனை ஆண்டுகளில் ஒருமுறையேனும் ஒரு நாயை என் கையால் தொட்டதில்லை என்பதை இன்று ஒப்புக்கொள்ள வேண்டும். பாடம் வேறு, வாழ்க்கை வேறு என்று இருந்துவிட்டேன்.

பணி ஓய்வுக்குப்பின் வந்தவாசிப் பகுதியிலிருந்து மகன் வீட்டிற்குக் குடிபெயர்ந்து, பொத்தேரியில் வாழ்ந்து வருகிறேன். ஊர் தாம்பரத்திற்குத் தெற்கே, கூடுவாஞ்சேரிக்கும் காட்டாங்குளத்தூருக்கும் இடையே, பெருந்தெற்கு நெடுஞ்சாலையும் இருப்புப்பாதையும் அருகருகே செல்லும் இடம். மாணவரும் இளம் பணியாளரும் வாடகைக்கு வந்து, ஆண்டு முடிந்ததும் வீட்டைக் காலிசெய்து செல்வது இங்கு வழக்கம். அவ்வாறு சென்றவர் எவரோ விட்டுச் சென்ற சிறிய வெண்ணிற நாய் ஒன்று, எங்கள் அடுக்ககத்தின் வாயிலில் பதினொரு நாள்கள் காத்துக் கிடந்தது. வண்டி ஓசை கேட்கும்தோறும் எழுந்து நிற்கும். தன்னவர் இல்லையென்று கண்டு மீண்டும் படுக்கும். பன்னிரண்டாம் நாள் விலங்கு நலத் தொண்டர் இருவர் வந்து அதனை எடுத்துச் சென்றனர். மூன்று வாரங்கழித்து, மருத்துவம் முடிந்து எவரேனும் ஏற்பாரா என்று அவர்கள் கேட்டபொழுது, என் வாயிலிருந்து ‘நான் ஏற்கிறேன்’ என்னும் சொல் எவ்வாறு வெளிவந்தது என்று எனக்கே தெரியவில்லை.

அன்றிரவே வந்தவாசியிலிருந்து என் மூத்த அக்கா தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, நாய் இருக்கிற வீட்டில் முனிவருக்கு ஆகாரம் கொடுக்க முடியுமா? நம் பெரியவர்கள் நாய் வளர்த்தார்களா?” என்று கேட்டார். அவர் கேட்டது இரண்டு கேள்வி. முதலாவது ஒழுக்கம் பற்றியது. இரண்டாவது வரலாறு பற்றியது. இவ்விரண்டிற்கும் விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

ஏமாங்கத நாட்டு நாய்

முதலில் நம் காப்பியத்தையே காண்போம். இளவேனில் விழாவின்பொழுது, அந்தணர் சிலர் தமக்கென அமைத்து வைத்திருந்த சோற்றில் ஒரு நாய் வாய்வைத்தது. அவர்கள் அதனைப் புடைத்தனர். உயிர் ஊசலாடிய நிலையில் வீழ்ந்த அந்நாயைச் சீவகன் கண்டான். உயிரை மீட்க வழியில்லை என்று உணர்ந்து, அதன் செவியில் ஐம்பத மந்திரத்தை ஓதினான். நாய் உடல் நீங்கிச் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்தது. பின்னர்க் கட்டியங்காரன் சீவகனைக் கொல்லப் பணித்த வேளையில் வந்து காத்தது. இனிய குரல் தருவதும், நஞ்சும் நோயும் நீக்குவதும், வேண்டிய உருவம் அளிப்பதும் ஆகிய மூன்று மந்திரங்களை அவனுக்கு அருளியது. பார்சுவநாதர் வரலாற்றில் எரியும் கட்டையினுள் இருந்த பாம்பிணை தரணேந்திரனும் பத்மாவதியும் ஆன நிகழ்ச்சியும் இதே உண்மையைக் கூறுவதேயாம்.

இந்நூலை 1887-ஆம் ஆண்டில் உ.வே. சாமிநாதையர் அச்சேற்றியபொழுது, நூலின் சமயப் பொருளை அவருக்கு விளக்கியவர்கள் கும்பகோணத்துச் சமணப் பெருமக்கள் என்பதை நாம் அறிவோம். ஆகவே அந்நாயின் கதையைத் தமிழுலகுக்குத் திரும்பத் தந்ததில் நம் முன்னோர்க்கும் பங்குண்டு.

இக்கதையில் நான் நெடுங்காலம் கவனியாது விட்ட ஒன்று உண்டு. சீவகனிடம் வந்தது வேட்டைநாய் அன்று. அரண்மனை நாயும் அன்று. பெயரில்லை, உடையவர் இல்லை. பசியால் பிறர் சோற்றைத் தீண்டிய தெருநாய் அது. அதனைக் காத்தால் தனக்கு நன்மை வரும் என்று சீவகன் எண்ணியதற்கும் இடமில்லை. திருத்தக்கதேவர் அடைக்கலத்திற்குரிய உயிராகத் தேர்ந்தெடுத்தது அத்தகைய ஒரு நாயை என்பதே நாம் சிந்திக்க வேண்டியது. சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், அறத்தால் நாயும் தேவனாகும், பாவத்தால் தேவனும் நாயாகும் என்னும் கருத்தை வைத்திருப்பதும் இங்கு நினைக்கத்தக்கது. நாய் என்பது ஓர் உயிர் இன்று நிற்கும் பிறவி, அவ்வளவே.

கல்லில் நின்ற நாய்கள்

நம் நிலத்தின் வரலாற்றிலும் நாய் இழிந்ததாகவே கருதப்படவில்லை. திருவண்ணாமலை மாவட்டச் செங்கம் பகுதியில் எடுத்தனூர் என்னும் ஊரில் பல்லவன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உள்ளது. ஏழாம் நூற்றாண்டுக்குரிய வட்டெழுத்துக் கல் அது. தொறுப்பூசலில் பட்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்காக நடப்பட்ட அக்கல்லில், அவனுடைய நாயும் செதுக்கப்பட்டுள்ளது. நாயின் பெயர் கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்து அது காத்து நின்ற செய்தியும் எழுதப்பட்டுள்ளது. ஒரு நாயின் பெயரைப் பதின்மூன்று நூற்றாண்டுகள் கடந்தும் நாம் சொல்லுகிறோம் என்றால், கல் நட்டவர்கள் அதனைத் தம் கூட்டத்தில் ஒருவராகவே எண்ணினர் என்றுதானே பொருள்?

கருநாடகத்து ஆதகூர்க் கல் இன்னும் வியப்பிற்குரியது. பொ.ஆ. 949-இல் இன்றைய இராணிப்பேட்டை மாவட்டத் தக்கோலத்தில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனுக்கும் சோழ இளவரசன் இராசாதித்தனுக்கும் போர் நிகழ்ந்தது. கங்க மன்னன் பூதுகன் இராட்டிரகூடர் பக்கம் நின்றான். அவனுடைய வீரன் மணலரன் காட்டிய ஆற்றலை மெச்சி, வேண்டுவது கேள் என்றபொழுது, மணலரன் மன்னனிடம் இருந்த காளி என்னும் நாயைக் கேட்டுப் பெற்றான். பின்னர் அந்நாய் ஒரு பெரும் பன்றியோடு பொருது தானும் மாய்ந்தது. அதற்காக நட்ட கல்லுக்கு நிலமும் வழிபாட்டு ஏற்பாடும் செய்யப்பட்டன. அக்கல் இன்று பெங்களூரு அருங்காட்சியகத்தில் உள்ளது. வேட்டையும் போரும் நம் அறத்திற்கு உடன்பாடில்லை என்பது வேறு. வளர்ந்து நின்ற நாயொன்று ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறி, புதியவரிடமும் அதே உறுதியோடு வாழ முடியும் என்பதற்கு அது பழைய சான்று.

இவற்றினும் தொன்மையானது அசோகரின் இரண்டாம் பாறைக் கட்டளை. மனிதர்க்கும் விலங்குகளுக்கும் இருவகை மருத்துவமும் ஏற்படுத்தியதாக அவர் அதில் கூறுகிறார். சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளையும் பெயர் சுட்டிக் குறிப்பிடுகிறார். சத்தியபுத்திரர் யாவர் என்ற ஐயம் நெடுங்காலம் இருந்தது. திருக்கோவலூரை அடுத்த சம்பையில் 1981-இல் கண்டறியப்பட்ட தமிழி எழுத்துக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சியே அம்மரபினன் என்று காட்டியது. அக்கல்வெட்டே துறவியர்க்கு அவன் குகைத்தளம் ஈந்ததைக் கூறுவது. துறவிக்கு இருப்பிடமும் விலங்குக்கு மருந்தும் ஒரே மண்ணில் பேசப்பட்ட அறங்கள் என்பது நம் மேல்சித்தாமூருக்கும் திருமலைக்கும் இடைப்பட்ட நிலப்பகுதியில் வாழ்பவர் பெருமையோடு நினைக்க வேண்டிய செய்தி.

சென்னையின் நாய் வண்டி

ஆனால் அண்மைக் கால வரலாறு அவ்வளவு பெருமைக்குரியதன்று. தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் முறையைச் சென்னை மாநகராட்சி 1860-இல் தொடங்கியதாகப் புளூ கிராஸ் அமைப்பினர் எழுதியுள்ளனர். தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஒன்று என்னும் அளவுகூட இல்லாதிருந்த எண்ணிக்கை, 1995 அளவில் நாளொன்றுக்கு 135 வரை உயர்ந்ததாகவும் அவர்கள் கணக்குக் காட்டுகின்றனர். சிறுவனாகச் சென்னைக்கு உறவினர் வீட்டிற்கு வந்த காலத்தில் கம்பிச் சுருக்கோடு வந்த நாய் வண்டியைக் கண்டிருக்கிறேன். வண்டி தெருமுனையில் திரும்பியதும் பிள்ளைகள் தங்கள் நாய்களை வீட்டிற்குள் இழுத்துக்கொண்டு ஓடுவர். எவரும் இழுத்துக்கொள்ளாத நாய்கள் வண்டியில் ஏறின.

நூறாண்டுக்கு மேல் கொன்றும் நாய்கள் குறையவில்லை. ஒரு தெருவில் நாய்களை அகற்றினால், அங்குள்ள எச்சில் உணவை நாடி வேறிடத்து நாய்கள் வந்து சேரும். அவை மீண்டும் ஈனும். கொலையால் கணக்குத் தீராது என்பதை அறம் சொல்வதற்கு முன் கணக்கே சொல்லிவிட்டது.

இதனை உணர்ந்தவர் விமானி கேப்டன் வி. சுந்தரம். 1959-இல் ஒரு மழைநாளில் தியாகராய நகர்த் தெரு வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளை அவர் எடுத்து வீட்டிற்குக் கொண்டுவந்தார். அவரும் அவர் துணைவியார் உஷா சுந்தரமும் பிள்ளைகளும் வீட்டிலேயே தொடங்கிய பணி, 1964-இல் புளூ கிராஸ் ஆஃப் இந்தியா என்னும் பதிவுபெற்ற அமைப்பாயிற்று. உஷா சுந்தரமும் விமானம் ஓட்டியவரே. கொல்லுவதற்கு மாறாகக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி இட்டு, எடுத்த இடத்திலேயே விடுவது என்னும் முறையை அவ்வமைப்பு அதே 1964-இல் முன்வைத்தது. மாநகராட்சி அதனை ஏற்றுக்கொள்ள 1996 வரை ஆயிற்று. முப்பத்திரண்டு ஆண்டுகள்! என் ஆசிரியப் பணிக்காலம் முழுவதற்கும் இணையான காத்திருப்பு. பின்னர் 2001-இல் நடுவணரசின் நாய்க் கருத்தடை விதிகள் அம்முறையை நாடு முழுமைக்கும் உரியதாக்கின. 2023-இல் அவ்விதிகள் புதுப்பிக்கப்பட்டன.

எதிர்ப்பக்கத்தையும் மறைத்தல் அறமாகாது. வெறிநாய்க்கடி நோய் வந்துவிட்டால் ஏறக்குறைய மீட்சியே இல்லை. குன்னூரில் 1907-இல் பாஸ்டர் நிறுவனம் தோன்றியதே அந்நோய்க்கு மருந்து காணத்தான். இன்றும் உலகில் அந்நோயால் இறப்போருள் நூற்றுக்கு முப்பத்தாறு பேர் இந்தியர் என்பது உலக நல நிறுவனத்தின் கணிப்பு. என் வகுப்பு மாணவன் ஒருவன் நாய்க்கடிக்கு ஊசி போட்டுக்கொள்ள அஞ்சி வீட்டில் மறைத்த நாளில், அவனை மருத்துவமனைக்குக் கையைப் பற்றி அழைத்துச் சென்றவன் நான். கடிபட்ட குழந்தையின் தாயிடம் சென்று உயிரிரக்கம் பேசுவது எளிதன்று. ஆகவே குழந்தைக்கும் நாய்க்கும் ஒருங்கே நன்மை தரும் வழி எது என்பதே கேள்வி. தடுப்பூசியும் கருத்தடையும் தத்தெடுப்பும் அவ்வழியைச் சேர்ந்தவை.

2025 ஆகஸ்டு 11-இல் தலைநகர்ப் பகுதியின் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகங்களில் அடைக்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதும், அம்மாதம் 22-இல் மூவர் அமர்வு அதனை மாற்றியதும் நாடெங்கும் பேசப்பட்டன. வெறிநோயும் மூர்க்கமும் இல்லாத நாய்களைக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து அதே இடத்தில் விடலாம் என்பது திருத்திய ஆணை. விரும்புவோர் நாய்களைத் தத்தெடுக்கலாம், எடுத்தபின் அவை மீண்டும் தெருவுக்கு வாராமல் காப்பது அவர்கள் பொறுப்பு என்றும் அவ்வாணை கூறியது. பின்னர் நவம்பர் 7-இல், கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், இரயில் நிலையங்கள் ஆகியவற்றிலிருந்து நாய்களை அகற்றிக் காப்பகங்களில் வைக்குமாறு ஆணை பிறந்தது. கல்வி நிலையமும் மருத்துவமனையும் இரயில் நிலையமும் ஒருசேர அமைந்த பொத்தேரி போன்ற ஊருக்கு இஃது ஏட்டுச் செய்தி அன்று. காப்பகங்கள் நிரம்பும், அங்கிருந்து வீடுகளுக்குச் செல்லும் வழி திறந்தாலன்றி அவை சிறைகளாகவே முடியும்.

சட்டமும் சாவகர் நோன்பும்

இங்குதான் நம் நூல்கள் எனக்கு வியப்பளித்தன. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் இயல் சாவகரின் கொல்லாமை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது: கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பை அறுத்தல், மிகையான பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். கொன்றால்தான் குற்றம் என்று நாம் எண்ணுகிறோம். கொல்லாது வைத்தே வதைப்பதும் நோன்பின் பழுது என்று ஆசாரியர் வரையறுத்துவிட்டார்.

இனி 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடைச் சட்டத்தைப் பாருங்கள். அடித்தல், மிகைபாரம் ஏற்றல், குறுகிய சங்கிலியில் நெடுநேரம் பிணித்தல், போதிய உணவும் நீரும் தாராமை, உறுப்புச் சிதைத்தல் ஆகியவற்றை அதன் 11-ஆம் பிரிவு குற்றங்களாக அடுக்குகிறது. ஐந்து அதிசாரங்களும் ஒன்றுவிடாமல் அங்கே உள்ளன. எப்பொழுதும் கட்டியே வைக்கும் நாயை உலவவிடாமையும், பசி தாகத்தால் துன்புறும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிட்டுச் செல்லுதலும் அப்பிரிவில் குற்றங்களே. எங்கள் வாயிலில் பதினொரு நாள் நிகழ்ந்தது அக்குற்றமேயாம்.

அச்சட்டத்திற்கு வித்திட்டவர் நம் சென்னைக்குரிய ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவைக்கு 1952-இல் நியமிக்கப்பட்ட அவர், விலங்குவதைத் தடைக்கெனத் தனி உறுப்பினர் முன்வரைவு ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே சட்டம் இயற்றும் என்று பிரதமர் நேரு உறுதியளித்தமையால் 1954-இல் அதனைத் திரும்பப் பெற்றார். 1960-இல் சட்டம் நிறைவேறியது. 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. வாரியத்தின் தலைமையிடம் 2018 வரை சென்னையிலேயே இருந்தது. எனினும் முதல் குற்றத்திற்குரிய தண்டம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை என்று 1960-இல் எழுதப்பட்டது இன்றும் மாறவில்லை. சட்டம் ஐம்பது ரூபாயில் முடித்துக்கொள்வதை நோன்பு வினைக்கட்டாக எழுதிவைக்கிறது. நம்மவர்க்கு எது கனமானது என்று நான் சொல்ல வேண்டுவதில்லை.

பெரியோர் தடையும் அதன் பொருளும்

அக்காவின் வினாவிற்கு இப்பொழுது வருகிறேன். நம் பெரியவர்கள் நாய் வளர்க்கத் தயங்கியதற்கு நூலாதாரம் உண்டு. படைக்கலம் விற்றலோடு பூனை முதலிய உயிர்க்கொலை செய்யும் விலங்குகளை வளர்த்தலையும் கார்த்திகேயானுப்பிரேட்சை வீண்வினைகளுள், அதாவது அனர்த்த தண்டத்துள், வைக்கிறது. இதனை மறுக்க நான் துணியவில்லை. பொழுதுபோக்கிற்காகவும் வேட்டைக்காகவும் விற்பனைக்காகவும் விலங்கைப் பேணுவது கொலைக்குத் துணைபோவது என்பதே அதன் கருத்து என்று கொள்கிறேன். விலை கொடுத்துக் குட்டி வாங்குவோர் இதனைச் சிந்திக்க வேண்டும். விற்பனைக்காகத் தாய்நாயை ஈற்றுக்குப்பின் ஈற்றாக ஈனச் செய்வதில் வதை இல்லை என்று எவர் கூறுவார்?

ஆனால் கைவிடப்பட்டு வாயிலில் கிடக்கும் உயிரை ஏற்பது வளர்ப்பு ஆசை அன்று, அபயதானம். உணவு, மருந்து, சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களுள் முதல் மூன்றையும் நம் அறக்கட்டளைகள் செவ்வனே செய்து வருகின்றன. நான்காவதை நாம் முனிவர் வாழ்த்தோடு நிறுத்திவிட்டோமோ என்னும் ஐயம் எனக்குண்டு. வடநாட்டுச் சமணர் பசுக்களுக்குப் பிஞ்சராப்போல்கள் அமைத்தனர். தில்லிச் செங்கோட்டைக்கு எதிரே உள்ள சமணக் கோயிலில் பறவைகளுக்கு மருத்துவமனை நடத்துகின்றனர். நாய் மட்டும் வாயிலுக்கு வெளியே நின்றுவிட்டது.

முனிவர்க்கு ஆகாரம் அளிக்கும் தூய்மை பற்றிய தடை உண்மையானதே. அதற்கு ஒழுங்கால்தான் விடை கூற முடியும். எங்கள் வீட்டில் சமையலறை வாயிற்படியை நாய் கடப்பதில்லை. பழக்கிய பத்தே நாளில் கற்றுக்கொண்டது. அதன் பாத்திரமும் படுக்கையும் பின்தாழ்வாரத்தில் தனியே உள்ளன. முனிவர் எழுந்தருளும் நாள் வாய்த்தால், முதல்நாளே அதனைத் தொண்டர் வீட்டில் விட்டுத் தாழ்வாரத்தைக் கழுவிவிடுவதென்று முடிவு செய்துள்ளோம்.

வளர்ந்த நாயை ஏற்றல்

எங்களிடம் வந்தது பொமரேனியன் கலப்புடைய ஆண்நாய். எடை ஏழு கிலோ. பல்லைப் பார்த்து அகவை ஐந்து அல்லது ஆறு என்றார் கால்நடை மருத்துவர். இத்தகைய சிறுநாய்கள் நன்கு பேணினால் பன்னிரண்டு முதல் பதினைந்து ஆண்டுகள் வரை வாழும் என்றும் கூறினார். அறுபதைக் கடந்த என்போன்றோர் குட்டியை வாங்கினால், நமக்குப்பின் அதனை யார் காப்பார் என்னும் கேள்வி எழும். வளர்ந்த நாயை ஏற்பதில் இரு முதியவர் ஒன்றாக நடக்கும் நிதானம் இருக்கிறது. காப்பகங்களுக்கு வருவோர் பெரும்பாலும் குட்டியையே கேட்கின்றனர் என்றும், வளர்ந்தவை காத்துக்கொண்டே இருக்கின்றன என்றும் தொண்டர்கள் கூறினர்.

கோவிவன் என்று பெயரிட விரும்பினேன். நாய் திரும்பிப் பார்க்கவில்லை. என் பேத்தி, ஊரில் வழங்கும் நாய்ப்பெயர்களை ஒவ்வொன்றாக அழைத்துப் பார்த்தாள். ‘மணி’ என்றதும் அதன் காது நிமிர்ந்தது. வளர்ந்த நாய்க்கு ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு, ஒரு வரலாறு உண்டு. அதனை நாம் ஏற்க வேண்டுமேயன்றி அழித்தெழுத முடியாது. சிந்தாமணியிலும் மணி உண்டே என்று தேறினேன்.

முதல் மூன்று நாள்கள் அது கட்டிலடியிலேயே கிடந்தது. மூன்று வாரங்கள் கழித்தே வாலாட்டியது. மூன்று திங்கள் கடந்தபின்தான் வண்டி ஓசைக்கு எழுந்து ஓடுவதை விட்டது. பொறுமையின்றி முதல் வாரத்திலேயே திருப்பி அனுப்புவோர் பலர் என்கின்றனர். உண்ணிக் காய்ச்சல், பல் நோய், முழங்காற் சில்லு விலகல் ஆகியவை இந்தச் சிறுநாய்களிடம் காணப்படுபவை. ஆகவே ஏற்கும் முன் குருதிச் சோதனை, தடுப்பூசிக் குறிப்பு, கருத்தடை ஆகியவற்றைக் கேட்டறிதல் வேண்டும். ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி இன்றியமையாதது. வெளியே செல்லும்பொழுது கழுத்துவாரும், கழிவை எடுக்கத் தாளும் கையில் வேண்டும். அடுக்ககச் சங்கத்தில் சிலர் எதிர்த்தபொழுது, செல்லப்பிராணிகளை முற்றிலும் தடைசெய்யச் சங்கங்களுக்கு அதிகாரமில்லை என்னும் விலங்கு நல வாரியத்தின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதலைக் காட்டினேன். எனினும் அவர்கள் மனம் மாறியது அத்தாளால் அன்று, நான் நாள்தோறும் குனிந்து கழிவை எடுத்ததால்.

உணவைப் பற்றிக் கேட்பீர்கள். பூனையைப்போல் நாய் ஊனை மட்டுமே நம்பிய உயிர் அன்று. மனிதரோடு வாழ்ந்த நெடுங்காலத்தில் மாவுணவைச் செரிக்கும் ஆற்றலைப் பெற்றது என்கிறது அறிவியல். மருத்துவர் வகுத்த அளவின்படி சோறு, பருப்பு, தயிர், பன்னீர், வேகவைத்த பூசணி என்று கொடுக்கிறோம். ஆறு திங்களுக்கு ஒருமுறை குருதிச் சோதனை செய்கிறோம். அறிவுரை இன்றி வெறும் தயிர்ச்சோற்றால் வளர்ப்பது உணவு மறுத்தலுக்கு ஒப்பாகும். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு. அவற்றை விலக்கிய எங்கள் சமையல் அதற்குப் பாதுகாப்பாய் அமைந்ததைக் கேட்டு மருத்துவரே சிரித்தார். பொழுது சாயும்முன் எங்களோடு அதுவும் உண்டுவிடும்.

சென்ற தீபாவளியன்று வெடியோசை கேட்டு மணி நடுங்கியது. நாக்கு வெளியே தொங்க, குளியலறை மூலையில் ஒடுங்கி, இரவு முழுதும் நீரும் அருந்தவில்லை. அந்நாள் வர்த்தமானர் வீடுபேறுற்ற நாள். விளக்கேற்றி வணங்க வேண்டிய நாளில், எத்தனை ஆண்டுகள் என் கையாலேயே சரவெடி கொளுத்தினேன் என்று அன்றுதான் எண்ணிப்பார்த்தேன். எங்கள் பேத்தி தன் வெடிப்பெட்டியை மூடி வைத்தாள். இனி எங்கள் வீட்டில் விளக்கு மட்டுமே.

நிறைவாக

சீவகனிடம் தடுப்பூசி இல்லை, மருத்துவமனை இல்லை, மந்திரம் ஒன்றே இருந்தது. அதனை அவன் கொடுத்தான். நம்மிடம் அனைத்தும் உள்ளன. சாகும் நாயின் செவியில் ஓதுவதற்கு முன்பே, வாழும் நாய்க்கு ஒரு தாழ்வாரத்தை நாம் அளிக்க இயலும்.

வீட்டில் இடமும் பொழுதும் உள்ள நம் குடும்பங்கள், விலைக்கு வாங்கும் எண்ணத்தை விட்டு, ஒருமுறையேனும் காப்பகத்திற்குச் சென்று வளர்ந்த நாய்களைக் காணுமாறு வேண்டுகிறேன். இயலாதோர் ஒரு நாயின் தடுப்பூசிக்கோ கருத்தடைக்கோ பொருளுதவலாம். நம் அறக்கட்டளை அன்னதானத்திற்கு ஒதுக்குவதில் ஒரு சிறு பங்கை ஆண்டுதோறும் அபயதானத்திற்கென ஒதுக்குமாயின், நால்வகைத் தானமும் நிறைவுறும்.

அக்கா சென்ற திங்கள் பொத்தேரிக்கு வந்து நான்கு நாள்கள் தங்கினார். மணியை அவர் தொடவில்லை. தொடுமாறு நானும் கூறவில்லை. நீராடி வழிபாடு முடித்துத் தாழ்வாரத்தை ஒட்டிய நாற்காலியில் அமர்ந்து ஐம்பத மந்திரத்தை உருவேற்றும்பொழுது, அது நான்கு முழம் தள்ளிப் படுத்திருக்கும். மூன்றாம் நாள் அவர் உருவேற்றும் குரல் சற்று உரத்திருந்ததை நான் கவனித்தேன். ஊர் திரும்பியபின் தொலைபேசியில் அழைத்தவர், என் நலம் கேட்கும்முன் கேட்டது இதுதான்: “பொழுது சாய்ந்துவிட்டதே தம்பி, அது சாப்பிட்டதா?”